சண்டைக்குப் போனவனுக்கு முதல் வரிசை

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகாதீர்கள். முகத்தை எவ்வளவு கடுகடுவென்று வைத்துக்கொண்டாலும் எதிரில் இருப்பவர் உங்களை விருந்தாளி என்றுதான் நினைப்பார். நாற்காலி போடுவார். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையை என் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சரி, என் தரப்பை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. (அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.)

ஈப்போவில் என் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை இருக்கிறது. ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், தமிழ் ஆராதனை. வாரத்தில் ஆறு நாள் அதைவிட நல்ல அண்டைவீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட வாசல் ஸ்பீக்கரில் வரும் பாட்டிலோ பிரசங்கத்திலோ எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் கார்களில்தான். எத்தனையோ கார்கள் வரும், அதில் ஏதாவது ஒன்று என் கேட்டுக்குக் குறுக்கே நிற்கும். நான் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போதுதான் ஜனங்களுக்கு வியர்ப்பதே தெரியும், என்னைக் கூப்பிடுவார்கள். நான் கிளம்பினால் கேட்டுக்கு வெளியே ஒரு மைவி கார் சாவகாசமாக நிற்கும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒருநாள் உள்ளே போய்க் கேட்டுவிடுவது என்று மனதுக்குள் வசனமெல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஒருநாள், என் தங்கை கலாவின் மகள் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த நாளாக வந்து வாய்த்தது.

கலா இருப்பது சுங்காயில். ஒரு காலத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வரிசைகட்டிய தாமான் வந்துவிட்டது, சுற்றிலும் செம்பனை. தோட்டத்துக் கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் மண்டபத்தில்தான் விசேஷம். மாப்பிள்ளை வீடு தைப்பிங். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். தாய்மாமன் நான் போய் நிற்காமல் தட்டு மாற்றக் கூடாது என்று கலா ஐயரிடமே சொல்லி வைத்திருந்தாள்.

முதல் நாள் இரவு போன் செய்தாள். “ண்ணே, போன தடவ மாதிரி தாப்பா பக்கத்துல காரு சூடாயிருச்சு, தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்னு போன் பண்ணிறாதே லா. என் மானம் போயிரும்.”

“என் காருக்கு என்ன கொறச்சல்?” என்றேன்.

“கொறச்சல்லாம் இல்ல. வயசுதான்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காலையில் நான் பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றி நிறைய விபூதியோடு தயாராகிவிட்டேன். என் மனைவி சாந்தி தலைமுடியைக் காயவைக்கும் மெஷினை அணைக்கவே இல்லை. ஒருவழியாக அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, என் கேட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை அக்சியா கார் நின்றுகொண்டிருந்தது. லேசாக, அலட்சியமாக, ஒட்டிக்கொண்ட மாதிரி அல்ல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தாழ்ப்பாள் போட்டது போல.

எதிரே பாட்டு தொடங்கியிருந்தது.

“ஏங்க, வேணாங்க. இன்னிக்குப் போயி…” என்றாள் சாந்தி.

“இன்னிக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். போனை வீட்டில் சார்ஜில் போட்டது போட்டபடி இருந்தது. சண்டைக்குப் போகிறவனுக்குப் போன் எதற்கு?

முதல் தவறு வாசலில் நடந்தது. பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். படியில் வேறு யாருடைய செருப்பும் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். இரண்டாவது தவறு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டது. கோபம் இருந்தாலும் சாமி இருக்கிற இடம் இல்லையா? செருப்பில்லாமல், விபூதியோடு, வேட்டி தழையத் தழைய நின்றவனைப் பார்த்ததும் வாசலில் இருந்த அக்கா ஒருவரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. அவர் பெயர் ரூத் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“வாங்கண்ணே, வாங்க வாங்க! மொத தடவயா?”

“மொத தடவதான். அக்கா, இந்த காரு…”

“காரு எங்க வேணும்னாலும் நிப்பாட்டலாம்ண்ணே! யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அதுதான் பிரச்சினையே என்று நான் வாயெடுப்பதற்குள் கையில் ஒரு பாட்டுப் புத்தகமும் அன்றைய ஆராதனை முறை அச்சடித்த தாளும் வந்துவிட்டன. ரூத் அக்கா என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். கடைசி வரிசையில் இடம் இருந்தது. நடுவிலும் இருந்தது. அங்கெல்லாம் நிறுத்தாமல் நேராக முதல் வரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். (பிறகு விசாரித்ததில், அந்தச் சபையில் முதல் வரிசையில் யாருமே உட்கார மாட்டார்களாம். அது என்னைப் போல ஏமாந்தவர்களுக்கென்றே காலியாக இருக்குமாம்.)

பிரஸ்பிட்டேரியன் சபைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு என்னால் சில விஷயங்கள் சொல்ல முடியும். உள்ளே சிலை கிடையாது, படம் கிடையாது, மணி கிடையாது, சாம்பிராணி கிடையாது. முன்னால் ஒரு மரச் சிலுவை, ஒரு மேடை, மேலே விரித்து வைத்த பெரிய வேதப் புத்தகம், அவ்வளவுதான். சுற்றி வரவும் வழியில்லை. நாற்பத்தைந்து வருடமாகச் சாமி முன்னால் தானாகக் கூம்பிப் பழகிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து நிற்பதும் உட்காருவதும் அங்கே எல்லோரும் ஒரே ஆள் போலச் செய்வார்கள். நான் மட்டும் அவர்கள் உட்காரும்போது எழுந்தேன், எழும்போது உட்கார்ந்தேன். முதல் வரிசை என்பதால் மொத்தச் சபைக்கும் அது நன்றாகத் தெரிந்தது.

நடுவில் எழுந்து போய்விடலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் கார் நகராமல் நான் நகர மாட்டேன் என்று எப்போது தீர்மானித்தேனோ, அதற்குப் பிறகு எழுந்து போவது தோல்வி.

அடுத்து எல்லோரும் கண்ணை மூடி, சத்தமில்லாமல் தங்கள் பாவங்களை அறிக்கை செய்தார்கள். நானும் கண்ணை மூடி அவர்களுடைய பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சீனப் புத்தாண்டு சமயம் நின்ற சிவப்பு மைவி. மழை நாளில் நின்ற வெள்ளிச் சாகா. அவர்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகும் என் பட்டியல் முடியவில்லை.

பிறகு ஒரு பாட்டு. என் பின்னாலிருந்த ஒருவர் எட்டி, என் புத்தகத்தில் வரிமேல் விரலை வைத்துக் காட்டினார். மரியாதைக்காக வாயை அசைத்தேன். இரண்டாவது சரணத்தில் பாடிவிட்டேன் என்று சாந்தி சொல்கிறாள். சாலைக்கு அந்தப் பக்கம்வரை என் குரல் ஸ்பீக்கரில் தனியாகக் கேட்டதாம். முன்வரிசையில் மைக் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மேடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்துப் பட்டையோடு பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார். “இன்னைக்கு நம்ம மத்தியில புதுசா வந்திருக்கிறவங்க எழுந்து நின்னு, பேரு சொல்லி, ரெண்டு வார்த்த பேசலாம்,” என்றார்.

புதிதாக வந்தவன் நான் ஒருவன்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ரூத் அக்கா ஓடி வந்து மைக்கை என் கையில் கொடுத்தார்.

இரண்டு வருடக் கோபத்துக்குக் கடவுளே மைக் கொடுத்தது போல இருந்தது.

“வணக்கம். எம் பேரு குணசேகரன். எதுத்த வீட்டுக்காரன்,” என்று ஆரம்பித்தேன்.

கை தட்டினார்கள்! எதிர் வீட்டிலிருந்தே ஆள் வந்துவிட்டதில் அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

“ரெண்டு வருசமா உங்கள பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“ஸ்தோத்திரம்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்கு உள்ளுக்குள்ள எரியுது.”

“ஆமென்!” என்றார் ஒரு பெரியவர், கண் கலங்க.

ஆண்டவர் என்னை மாற்றிவிட்டார் என்று சாட்சி சொல்ல வந்தவன் என நினைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. விடுவேனா? குரலை உயர்த்தினேன்.

“எரியுதுன்னா, இந்த காருங்கள பாத்து எரியுதுங்க! இன்னிக்கு என் தங்கச்சி மவளுக்கு நிச்சயம். நான் தாய்மாமன். பன்னண்டு மணிக்குள்ள சுங்காய்ல நிக்கணும். என் கேட்ட அடச்சி வெள்ள அக்சியாவ போட்டுட்டு வந்து உக்காந்திருக்கான் ஒருத்தன். அவன் காரு ஓட்டப் பொறந்தவனா, எரும மேய்க்கப் பொறந்தவனா? பெத்தவங்க அவனுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்கலயா? இந்த மாதிரி ஆளு வீட்டுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?”

அந்தப் பேச்சு நன்றாகத்தான் அமைந்தது என்பதை இன்றும் சொல்வேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

பாஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “வெள்ள அக்சியா யாரோடது?” என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டார். அப்போதும் யாரும் இல்லை.

“பொய் சொல்லாதீங்க, கோயில்ல இருக்கீங்க,” என்றேன் நான். மைக் இன்னும் என்னிடம்தான் இருந்தது.

சாமுவேல் என்ற மூப்பர் எழுந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல ஆகிருதி. “பாஸ்டர், அண்ணன் நல்ல காரியத்துக்குப் போறாரு. காரு யாருதா இருந்தா என்ன? சின்ன காருதான். தூக்கி ஓரமா வச்சிருவோம்.”

“வாங்க,” என்றார் பாஸ்டர். பிரசங்கம் தொடங்க வேண்டிய நேரத்தில் சபையின் ஆண்கள் அத்தனை பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ரூத் அக்கா பெண்களிடம் பாட்டை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே அவர்கள் பாட, ஸ்பீக்கரில் வந்த அந்தத் தாளத்துக்கு வெளியே இவர்கள் அக்சியாவின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தினார்கள். நான் கேட் அருகே நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,” என்று உத்தரவு போட்டேன். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

அப்போது சாந்தி அந்தக் காரின் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க!” என்று கத்தினாள்.

“எதுக்கு?”

“உள்ள சீர்த் தட்டு இருக்குங்க! மஞ்சத் தாளு சுத்தி… ஐயோ, தர்ஷினி பேரு போட்டிருக்குங்க!”

நான் குனிந்து பார்த்தேன். பின் இருக்கையில் ஆப்பிள் தட்டு, பட்டுச்சேலைத் தட்டு, வெற்றிலைத் தட்டு. எல்லாவற்றிலும் தங்க எழுத்தில் என் தங்கை மகளின் பெயரும் மாப்பிள்ளை பெயரும்.

“நிப்பாட்டுங்க!” என்று நான் சொல்லவும், சாமுவேல் அண்ணன் “தூக்கு!” என்று சொல்லவும் சரியாக இருந்தது. பின்சக்கரம் ஒன்று சாலையோர லோங்காங் சாக்கடைக்குள் இறங்கி, பம்பர் கான்கிரீட்டில் உட்கார்ந்தது. உள்ளே ஆப்பிள்கள் உருண்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெண்கள் பாட்டை முடித்து ஆமென் சொன்னார்கள்.

தெரு முனையில் இருக்கும் மாமாக் கடை என்கிற டீக்கடையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் கையில் கட்டித் தொங்கவிட்ட தே தாரிக் டீப் பொட்டலங்கள். கிட்டே வந்த பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா மணியம். பெண் பார்க்க வந்தபோது ஒருமுறை பார்த்த முகம்.

“வணக்கம் சம்பந்தி,” என்றார். கார் இருந்த கோலத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற சபையைப் பார்த்தார். “பசங்க நேரா சுங்காய் போயிட்டாங்க. ஒங்க தங்கச்சிதான் வர்ற வழியில ஒங்களையும் ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்க. ஒங்க காரு… கொஞ்சம் வயசாயிருச்சுன்னு. குரூப்ல மெசேஜ் போட்டிருக்கேன்னாங்களே?”

(குடும்பக் குரூப்பை நான் சத்தம் வராமல் அடைத்து வைத்திருந்தேன். தினமும் விடிந்தால் ரோஜாப்பூ படம். சாந்தியோ போன தீபாவளிக்கே கோபித்துக்கொண்டு அதிலிருந்து வெளியேறிவிட்டாள்.)

“பெல் அடிச்சோம், வேல செய்யல. ஒங்களுக்கு போன் அடிச்சோம், எடுக்கல. பொம்பளைங்க கெளம்பிக்கிட்டு இருப்பாங்க, அவசரப்படுத்த வேணாம்னு டீ குடிக்கப் போனோம்,” என்று சொல்லி, பொட்டலத்தை நீட்டினார். “ஒங்களுக்கும் ஒண்ணு கட்டித் தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன்.”

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? சூடாக இருந்தது.

கார் வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை. என் கார் இன்னமும் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது. அக்சியாவின் முன்பக்கம் அசைய மறுத்தது. நேரம் பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாந்தி அழத் தொடங்கிவிட்டாள். அப்போது சாமுவேல் அண்ணன் சபை வேனின் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏறுங்க. தட்டெல்லாம் எடுத்து வைங்க. நான் ஓட்டுறேன்.”

“ஒங்க பிரசங்கம்?” என்றேன்.

“அது அடுத்த வாரமும் இருக்கும்ண்ணே. பன்னண்டு மணி காத்துக்கிட்டு இருக்குமா?”

ரூத் அக்கா உருண்ட ஆப்பிள்களைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். அடிபட்ட பக்கம் கீழே வரும்படி அடுக்கியது அவர்தான்.

நெடுஞ்சாலையில் நான் சம்பந்திக்குப் பக்கத்தில், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். செருப்பு சபை வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு கல்யாணத்தை நான் லோங்காங்கில் இறக்கிவிட்டேனோ என்று பயந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை தர்ஷினி என்ன பாவம் செய்தாள்?

தாப்பா வரும்போது மணியம் தொண்டையைச் செருமினார். “நீங்க பேசுனத டீக்கடையில கேட்டோம். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“யாரோ பாவம், நல்லா வாங்கிக் கட்டிக்கிறான்னு இவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்,” என்றார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் மற்றவர்களாயிருந்தால் காலில் விழுந்திருப்பார்கள். நான், “இருந்தாலும் சம்பந்தி, கேட்டுக்கு முன்னால நிப்பாட்டுனது தப்புதான்,” என்றேன். சாந்தி என் தொடையைக் கிள்ளியதில் பட்டு வேட்டியே கசங்கிப்போனது.

மண்டப வாசலில் கலா ஆலத்தித் தட்டோடு நின்றாள். பக்கவாட்டில் சபையின் பெயரும், அதற்குக் கீழே ‘எல்லோரும் வருக’ என்றும் நீல எழுத்தில் பெரிதாக எழுதிய வேன் வந்து நின்றது. கதவு திறந்து அவளுடைய சம்பந்தி இறங்கினார், அவர் மனைவி இறங்கினார், தட்டைத் தூக்கிக்கொண்டு சாந்தி இறங்கினாள், கடைசியாக வெறுங்காலோடு நான் இறங்கினேன்.

கலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நேத்து போன்ல பேசும்போது நல்லாத்தானேண்ணே இருந்தே?” என்றாள்.

எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். ஐயர் வழக்கம்போல இரண்டு வீட்டாரையும் பார்த்து, “பொண்ணு குடுக்கச் சம்மதந்தானே?” என்று கேட்டார். கலா சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மணியம் கையை உயர்த்தித் தடுத்தார்.

“இருங்கம்மா. சாமி, மொதல்ல தாய்மாமன கேளுங்க. எங்க வீட்டுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்னு அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கு.”

தர்ஷினி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடைசி வரிசையில் சாமுவேல் அண்ணன் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மணியத்தின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிரிப்பு. வேனில் ஏறியதிலிருந்து இந்த நிமிஷத்துக்காகத்தான் மனுஷர் அடக்கி வைத்திருக்கிறார்!

“குடுக்குறோம்,” என்றேன். “ஆனா மாப்பிள்ள காரு நிப்பாட்டக் கத்துக்கணும்.”

கலாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். தட்டு மாறியது.

சாமுவேல் அண்ணன் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குள் சபையார் அக்சியாவைத் தூக்கிச் சாலையில் நிறுத்தி, கழுவியும் வைத்திருந்தார்கள். பம்பரைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அடுத்த ஞாயிறு முதல் என் கேட்டுக்கு முன்னால் ஆரஞ்சுக் கூம்பு ஒன்று வைத்து, ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆக, நான் கேட்டது கிடைத்தது. இதைத் தோல்வி என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

சபைக்கு நான் பிறகும் போனதுண்டு, ஏர்கோன் வேலைக்கு. ஒவ்வொரு தடவையும் ரூத் அக்கா முதல் வரிசையைக் காட்டுவார். ஏணியை அங்கேதான் போட வேண்டியிருக்கிறது.

தர்ஷினிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளையும் சம்பந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருவுக்குள் காரைக் கொண்டுவருவதே இல்லை. மாமாக் கடை பக்கம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையிலும் குடை பிடித்து வரிசையாக நடந்து வருகிறார்கள். கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்று, “வரலாமா மாமா?” என்று மாப்பிள்ளை எல்லோருக்குமாகச் சத்தமாகக் கேட்கிறார். அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும்.

கிண்டல் என்கிறாள் சாந்தி. மரியாதை என்கிறேன் நான்.